வீட்டுக்குப் பின்னாடி ஒரு குளம் வெட்டின கதை

"அப்பா, நாம எப்பப்பா பூல் கட்டப் போறோம்?"

பொண்ணு இந்தக் கேள்வியக் கேக்க ஆரம்பிச்சு நாலு வருஷம் ஆச்சு. நானும் "அடுத்த வருஷம்டா கண்ணு"ன்னு நாலு வருஷமா சொல்லிட்டிருந்தேன். ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கறவங்களுக்குத் தெரியும், இங்க ஜூன் மாசத்துல வெளிய தலைய நீட்டினா வடைச்சட்டிக்குள்ள எட்டிப் பாத்த மாதிரி இருக்கும். எங்க தெருவுல முக்கால்வாசி வீட்ல பூல் இருக்கு. கடைசில தங்கமணியும் கட்சி மாறினதும் என்னோட ஆட்சி கவிழ்ந்துடுச்சு. :-)

கான்ட்ராக்டர் வந்தார். டேப் புடிச்சு அளந்தார். மேஜை மேல ஒரு பேப்பரப் போட்டு, பெருசா ஒரு முந்திரிக்கொட்டை வரைஞ்சார். "இதான் கிட்னி ஷேப், எல்லாரும் இதத்தான் கேப்பாங்க"ன்னார். எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எல்லாரும் கேக்கறாங்கன்னா ஏன் கேக்கறாங்கன்னு தேட ஆரம்பிச்சுடுவேன். அப்படித் தேடப் போய் கிடைச்ச கதைதான் இது. கொஞ்சம் நீளம். காப்பி போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

*

குழி வெட்றது பெரிய விஷயமே இல்ல. ஆளும் மண்வெட்டியும் இருந்தாப் போதும். வெட்டின குழில தண்ணி நிக்கணும், அங்கதான் இருக்கு சூட்சுமம். நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடி மொகஞ்சதாரோல இருந்தவனுக்கும் இதே தலைவலிதான். அங்க இருக்கற பெருங்குளம் சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். சுட்ட செங்கல்லை நெருக்கமா அடுக்கி, பின்னாடி தார் மாதிரி நிலக்கீல் பூசி, தண்ணி கசியாமப் பாத்துருக்கான். ரெண்டு பக்கமும் எறங்கறதுக்குப் படி. தண்ணிய வெளியேத்த வடிகால். இன்னைக்கு என் கான்ட்ராக்டர் குடுத்த லிஸ்ட்லயும் இதே ஐட்டங்கதான் இருக்கு, பேருதான் வேற.

அமெரிக்காவுல ரொம்ப நாளைக்கு வீட்ல நீச்சல் குளம்ங்கறது கோடீஸ்வரங்க சமாச்சாரம். கலிஃபோர்னியாவுல சான் சிமியோன் மலை மேல பத்திரிகை முதலாளி ஹர்ஸ்ட் கட்டின மாளிகையில நெப்டியூன் குளம்னு ஒண்ணு இருக்கு. 104 அடி நீளம், 3 லட்சத்து 45 ஆயிரம் கேலன் தண்ணி. வடிவமைச்சவங்க ஜூலியா மார்கன், கலிஃபோர்னியாவுல ஆர்க்கிடெக்ட் லைசென்ஸ் வாங்கின முதல் பெண்மணி. 1924ல ஆரம்பிச்சு 1936 வரைக்கும் ஹர்ஸ்ட் அதப் பெருசு பண்ணு, இன்னும் பெருசு பண்ணுன்னு மூணு தடவை மாத்திக் கட்ட வச்சார். அவ்வளவு பணம் கொட்டிக் கட்டின குளமும் பிற்பாடு ஒழுகுச்சு. 2014ல வறட்சி சமயத்துல தண்ணிய எறக்கிட்டு, ரிப்பேர் பண்ணி 2018லதான் மறுபடி ரொப்பினாங்க. ஆக, ஹர்ஸ்ட்டுக்கே ஒழுகியிருக்கு, நாமெல்லாம் எந்த மூலைக்கு!

அந்தக் காலத்துல கான்க்ரீட் தொட்டின்னா, குழிக்குள்ள மரப்பலகை அடிச்சு, பலகைக்கும் மண்ணுக்கும் நடுவுல கலவைய ஊத்தி, காஞ்சப்புறம் பலகையப் பிரிக்கணும். பலகை நேராத்தான் இருக்கும், அதனால குளமும் பெட்டி மாதிரி சதுரம் இல்லன்னா செவ்வகம். தச்சுக்கூலி எக்கச்சக்கம். இத மாத்தினது ஒரு இஞ்சினியர் இல்லங்க. யானைக்குப் பஞ்சு அடைக்கறவர்!

பேரு கார்ல் ஏக்லி. செத்த மிருகங்களப் பாடம் பண்ணி மியூசியத்துல வைக்கற ஆளு. 1896ல ஆப்பிரிக்காவுல ஒரு சிறுத்தையோட வெறுங்கையால சண்டை போட்டுக் கொன்னவர். (நிஜமாத்தான். செத்த சிறுத்தையோட, கையெல்லாம் கட்டுப் போட்டுக்கிட்டு நிக்கற போட்டோ இருக்கு.) சிகாகோ ஃபீல்டு மியூசியத்துல ரெண்டு ஆப்பிரிக்க யானை மோதிக்கிட்டு நிக்குமே, அது இவர் கைவேலைதான். அப்ப அந்த மியூசியம், 1893 உலகக் கண்காட்சிக்காகக் கட்டின பழைய கட்டடத்துல இருந்துச்சு. வெளிப்பூச்செல்லாம் உதிர ஆரம்பிச்சது. மிருகங்களுக்குப் பின்னாடி வைக்கற பொய்ப்பாறைக்கு ஏக்லி காத்தழுத்தத்துல சாந்து பீச்சி அடிக்கறதப் பாத்துட்டு, அதையே பெருசாப் பண்ணி சுவத்துக்கு அடிக்க முடியுமான்னு கேட்டாங்க. 1907 வாக்குல சிமென்ட் துப்பாக்கி பொறந்தது. 1911ல பேடன்ட்.

விஷயம் ரொம்ப சிம்பிள். மணலும் சிமென்ட்டும் காஞ்ச கலவையா ரப்பர் ஓஸ் வழியா காத்து வேகத்துல வரும். ஓஸ் முனையிலதான் தண்ணி சேரும். சேர்ந்த அடுத்த நொடி போய் அப்பிக்கும். பென்சில்வேனியாவுல அலன்டவுன்ல இருந்த சிமென்ட் கன் கம்பெனி இந்தக் கலவைக்கு வச்ச பேருதான் கனைட். மொதல்ல கட்டடம், சுரங்கம்னுதான் பயன்பட்டது. நீச்சல் குளத்துக்கு வந்தப்பதான் ஒரு புரட்சியே நடந்துச்சு. ஏன்னா இதுக்குப் பலகையே வேண்டாம். வெட்டின மண்ணே அச்சு. எந்த வளைவுல மண்ண வெட்றோமோ, அந்த வளைவுல கம்பியக் கட்டி, அடிச்சுட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம். முந்திரிக்கொட்டை வேணுமா, முந்திரிக்கொட்டை. பூசணிக்கா வேணுமா, பூசணிக்கா.

அந்த முந்திரிக்கொட்டைக்கும் ஒரு ஊர் உண்டு. 1948ல கலிஃபோர்னியா சோனோமாவுல டானல் குடும்பத்துக்காக தாமஸ் சர்ச்ங்கற தோட்டக்கலை வடிவமைப்பாளர் போட்ட தோட்டம். தூரத்துல உப்பங்கழி வளைஞ்சு வளைஞ்சு போகும், அதே வளைவுல குளம், நடுவுல ஒரு சிற்பம். அதுக்கு முன்னாடியே ஃபின்லாந்துல ஆல்வார் ஆல்ட்டோ கட்டின வில்லா மைரேயாவுலயும் இப்படி ஒரு குளம் உண்டு. ஆனா அமெரிக்காவுல இந்த வடிவத்தப் பிரபலமாக்கினது சோனோமா குளம்தான். எல்லாப் பத்திரிகையிலயும் படம் வந்துச்சு. படத்தப் பாத்தவங்க எல்லாரும் அதையே கேட்டாங்க. இன்னும் கேட்டுட்டிருக்கோம்.

*

இது வரைக்கும் கதை ஜாலியாத்தான் போச்சு. அப்புறம் ஒரு எண்ணிக்கையப் பாத்தேன்.

ஜெஃப் வில்ட்ஸின்னு ஒரு வரலாற்று ஆசிரியர், அமெரிக்கப் பொதுக்குளங்களப் பத்தி 2007ல ஒரு புஸ்தகம் எழுதியிருக்கார். 1950ல அமெரிக்கா முழுக்க வீட்ல தரைக்குள்ள குளம் வச்சிருந்த குடும்பங்க சுமார் 2,500தான்னு சொல்றார். 1999ல அது 40 லட்சம். அம்பது வருஷத்துல ஆயிரம் மடங்குக்கும் மேல!

ஏன்னு கேட்டா வழக்கமா வர்ற பதில்: போருக்கப்புறம் கையில காசு வந்துச்சு, சுலபத்துல வீட்டுக்கடன் கிடைச்சுது, புறநகர்ல பெரிய மனை, கனைட்டால செலவு கம்மி. எல்லாமே உண்மைதான். ஆனா இது பாதிக் கதை. மீதிய எந்த கான்ட்ராக்டரும் மேஜை மேல வரைஞ்சு காட்ட மாட்டார்.

1920, 30கள்ல அமெரிக்க நகரங்க பிரம்மாண்டமான பொதுக்குளங்களக் கட்டுச்சு. செயின்ட் லூயி ஃபேர்கிரவுண்ட் பார்க் குளம் அதுக்கும் முன்னாடியே, 1913ல வந்தது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்துல எறங்கலாம். ஆம்பளை பொம்பளை சேர்ந்து குளிக்கலாம்னு ஆனதுமே இன்னொரு கோடு விழுந்தது: கறுப்பினத்தவங்க அந்தத் தண்ணில எறங்கக் கூடாது. தெற்கு மாநிலங்கள்ல மட்டும் இல்ல, வடக்கு, மேற்குலயும்தான். பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் வளர்ந்த பாசடீனா கலிஃபோர்னியாவுலதான் இருக்கு. அங்க புரூக்சைடு குளத்துல வெள்ளைக்காரங்க அல்லாதவங்களுக்கு வாரத்துல ஒரே ஒரு நாள். அந்த நாள் முடிஞ்சதும் தண்ணிய மாத்திடுவாங்க.

நான் அந்த வரியில கொஞ்ச நேரம் நின்னுட்டேன். தண்ணிய மாத்திடுவாங்க. எங்கயோ கேட்ட மாதிரி இருக்கில்ல? 1927 மார்ச் 20ல அம்பேத்கர் மகாட் ஊர்ல சவதார் குளத்துல எறங்கித் தண்ணி அள்ளிக் குடிச்சார். அதுக்கப்புறம் அந்தக் குளத்து 'தீட்டு' போக சடங்கு பண்ணாங்க. அங்க சாணமும் பாலும் மந்திரமும். இங்க வால்வு. மத்தபடி வித்தியாசம் ஒண்ணும் இல்ல.

1949 ஜூன் 21. செயின்ட் லூயி நகராட்சி, ஃபேர்கிரவுண்ட் பார்க் குளம் எல்லாருக்கும் பொதுன்னு தெறந்து விட்டது. காலையில சுமார் முப்பது கறுப்பினப் பசங்க எறங்கினாங்க. வேலிக்கு வெளிய வெள்ளைக்காரப் பசங்க கூடி மெரட்ட, போலீஸ் காவலோட இவங்கள வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாப் போச்சு. சாயங்காலத்துக்குள்ள ஆயிரக்கணக்குல கூட்டம். பேஸ்பால் மட்டையும் கம்புமா, கண்ணுல பட்ட கறுப்பினத்தவங்கள அடிச்சாங்க. அடக்கறதுக்கு நூத்துக்கணக்குல போலீஸ். மறுநாளே மேயர் பழையபடி தனித்தனின்னு அறிவிச்சுட்டார்.

அடுத்த வருஷம் கோர்ட் உத்தரவு போட்டு மறுபடி எல்லாருக்கும் தெறக்க வச்சுது. அப்ப நடந்ததுதான் முக்கியம். 1948 கோடையில மூணு லட்சம் தடவைக்கு மேல ஆளுங்க குளிச்ச குளம். 1950 கோடையில? சுமார் பத்தாயிரம். வெள்ளைக்காரங்க வர்றதையே நிறுத்திட்டாங்க. 1956ல குளத்தையே மூடிட்டாங்க.

மிசிசிப்பி ஜாக்சன் நகரத்துல இன்னும் நேரடி. அங்க அஞ்சு பொதுக்குளம். நாலு வெள்ளைக்காரங்களுக்கு, ஒண்ணு கறுப்பினத்தவங்களுக்கு. பிரிச்சு வைக்கக் கூடாதுன்னு கோர்ட் சொன்னதும் பூங்காவத் தெறந்து விட்டாங்க, குளத்த மட்டும் மூடிட்டாங்க. எவனுக்கும் வேண்டாம், போ! கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 1971ல பாமர் எதிர் தாம்சன் வழக்குல, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தானே மூடியிருக்கு, அதனால தப்பில்லன்னு 5-க்கு 4-ன்னு தீர்ப்பு. ஃப்ளோரிடா செயின்ட் அகஸ்டின்ல 1964 ஜூன் 18 அன்னைக்கு, ஒரு மோட்டல் குளத்துல கறுப்பினத்தவங்களும் வெள்ளைக்காரங்களும் சேர்ந்து எறங்கிப் போராடினப்ப, மோட்டல் மேனேஜர் ஆசிட் டப்பாவ எடுத்துத் தண்ணில ஊத்தினார். அந்தப் போட்டோவ உலகமே பாத்துச்சு. மறுநாள்தான் செனட்ல சிவில் உரிமைச் சட்டம் நிறைவேறுச்சு.

அந்த ஆசிட், மியூரியாடிக் ஆசிட், எங்க வீட்டு கராஜ்லயும் இப்ப ஒரு கேன் இருக்கு. தண்ணில பிஎச் ஏறினா கொஞ்சம் ஊத்தணும். ஒவ்வொரு தடவையும் அந்தப் போட்டோதான் கண்ணுக்குள்ள வந்து நிக்குது.

இப்ப அந்த 2,500-40 லட்சம் கணக்கு வேற மாதிரி தெரிஞ்சுது. பொதுக்குளத்த விட்டுப் போனவங்க எங்க போனாங்க? கொஞ்சப் பேர் உறுப்பினருக்கு மட்டும்னு இருந்த கிளப்புக்கு, கொஞ்சப் பேர் சொந்தக் கொல்லைப்புறத்துக்கு. வீட்டுக் குளம் கட்டினவங்க எல்லாரும் இனவெறியில கட்டினாங்கன்னு நான் சொல்லல. வெய்யில் எல்லாருக்கும் வெய்யில்தான். ஆனா வசதி இருக்கறவன் பொதுக்குளத்த விட்டுட்டுப் போனப்புறம், அதுக்கு வரிப்பணம் கேக்கவும் நாதியில்லாமப் போச்சு.

விளைவு இன்னும் இருக்கு. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 1999-2010 மரணக் கணக்க எடுத்துப் பாத்து 2014ல வெளியிட்டது: 5 முதல் 19 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்கள்ல, நீச்சல் குளத்துல மூழ்கிச் சாகற விகிதம் வெள்ளையினப் பிள்ளைங்களவிட கறுப்பினப் பிள்ளைங்களுக்கு 5.5 மடங்கு. தாத்தாவ எறங்க விடல. அதனால அப்பாவுக்கு நீச்சல் தெரியல. அதனால புள்ளைக்குக் கத்துக்குடுக்க ஆள் இல்ல.

*

சரி, எங்க வீட்டுக் குளத்துக்கு வர்றேன்.

வெட்றதுக்கு முன்னாடி 811க்கு போன் பண்ணணும். ஆள் வந்து தரையில கலர் அடிச்சுட்டுப் போவாங்க. கரண்ட்டுக்கு செவப்பு, கேஸுக்கு மஞ்ச, தண்ணிக்கு நீலம், சாக்கடைக்குப் பச்சை. கொல்லைப்புறம் ஹோலி கொண்டாடின மாதிரி ஆயிடுச்சு. பொக்லைன் வந்து மூணடி தோண்டினதும் ணங்குனு சத்தம். கலீச்சேன்னு சொல்றாங்க, சுண்ணாம்பு இறுகிக் கல்லான மண்ணு. நம்மூர் சுக்காம்பாறையேதான். ஒப்பந்தத்துல பொடி எழுத்துல "பாறை வந்தால் தனிக் காசு"ன்னு இருந்தத அப்பத்தான் படிச்சேன். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிங்க மக்களே!

அப்புறம் கம்பி கட்டினாங்க. மூணு நூல் கம்பி, ஒரு அடிக்கு ஒரு அடி சதுரம். மறுவாரம் ஒரே நாள்ல கனைட் அடிச்சு முடிச்சாச்சு. ஏக்லியோட துப்பாக்கி என் கொல்லைப்புறத்துல ஓடுறத நேர்ல பாத்தேன். அதுக்கப்புறம் ஒரு வாரம் காலைல ரெண்டு தரம், சாயங்காலம் ரெண்டு தரம் ஓஸ் புடிச்சுத் தண்ணி அடிச்சேன். நம்மூர் மேஸ்திரி சாக்கு போட்டுத் தண்ணி ஊத்துவாரே, அதே க்யூரிங்தான். 30 அடி நீளம், சராசரி 15 அடி அகலம், 5 அடி ஆழம். கிட்டத்தட்ட 17 ஆயிரம் கேலன், நம்ம கணக்குல 64 ஆயிரம் லிட்டர்.

செலவக் குறைக்கக் கூடாதுன்னு தங்கமணி கறாரா நின்னது ரெண்டே விஷயத்துல. ஒண்ணு வேலி. அமெரிக்காவுல 1 முதல் 4 வயசுக் குழந்தைங்க சாவுக்கு முதல் காரணம் தண்ணில மூழ்கறதுதான். ஆறு வயசுக்குக் கீழ புள்ளை இருக்கற வீட்ல குளத்தச் சுத்தி 5 அடி உயரத் தடுப்பு, தானா சாத்திக்கற கதவுன்னு அரிசோனா சட்டமே இருக்கு. எங்க புள்ளைக்கு அந்த வயசு தாண்டிடுச்சு, ஆனா வீட்டுக்கு வர்ற புள்ளைங்க? இன்னொண்ணு, அடியில தண்ணி உறிஞ்சற ஓட்டைக்கு மூடி. அந்த இழுவிசையில மாட்டி ஒரு குழந்தை இறந்ததுக்கப்புறம் 2007ல பொதுக்குளங்களுக்காகத் தனிச் சட்டமே போட்டாங்க. நம்ம வீட்டுக்கும் அதே தரத்துல மூடி வேணும்னா.

*

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

நான் நீச்சல் கத்துக்கிட்டது எங்க அப்பாரு தோட்டத்துக் கிணத்துல. முதுகுல காஞ்ச சுரைக்குடுக்கையக் கட்டி மாமா தள்ளி விட்டாரு. பத்து வயசுல மோட்டார் ரூம் மேல ஏறிக் குதிப்போம். ஞாயித்துக்கெழமைன்னா கிளாஸ் பசங்க எல்லாம் வந்துடுவாங்க. அதுல ஒருத்தன் மட்டும் குதிக்கவே மாட்டான். படிக்கட்டுக்கு மேல, வாய்க்கால் ஓரமா உக்காந்து எங்க சட்டை துணியெல்லாம் பாத்துக்குவான். "பயந்தாங்கொள்ளி"ன்னு கிண்டல் பண்ணுவோம். சிரிச்சுக்குவான். அவன் எந்தத் தெருவுலேர்ந்து வர்றான்னு எனக்குத் தெரியும். அதையும் இதையும் சேர்த்து ஒரு தடவை கூட நான் யோசிச்சதில்ல.

குளத்துல தண்ணி ரொம்பின அன்னைக்கு ராத்திரி, பள்ளிக்கூட வாட்ஸப் குரூப்புல அவன் நம்பர எடுத்து போன் பண்ணினேன். ஊர்ல காலை நேரம். நாலு வார்த்தை நலம் விசாரிச்சுட்டுக் கேட்டுட்டேன். "டேய், நீ ஏண்டா எங்க கிணத்துல எறங்கவே இல்ல? எங்க அப்பாரு ஏதாவது சொன்னாரா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னான்: "அவரு ஒண்ணும் சொன்னதில்லடா. சொல்லணும்னு என்ன இருக்கு? எங்கம்மா சொல்லித்தான் அனுப்பும், தண்ணிகிட்டப் போயிடாதேன்னு."

"இப்ப நீச்சல் தெரியுமா?"

"இல்லடா. ஆனா பையன கிளாஸ்ல சேத்து விட்டிருக்கேன்."

போன வெச்சதுக்கப்புறம் ரொம்ப நேரம் அந்தப் புதுத் தண்ணி ஓரமா உக்காந்திருந்தேன். பம்ப் சத்தம் மட்டும் கேட்டுட்டிருந்துச்சு. செயின்ட் லூயியில வேலிக்கு வெளிய மட்டையோட நின்னவன யாரோன்னு நெனச்சுத்தான் படிச்சிருந்தேன். எங்க கிணத்துக்கு வேலியும் இல்ல, மட்டையோட யாரும் நிக்கல. ஆனாலும் அவன் எறங்கல.

அந்த 1964 போராட்டங்க நடக்காம இருந்திருந்தா, 1965 குடியேற்றச் சட்டம் வந்திருக்குமாங்கறதே சந்தேகம். அது வந்ததாலதான் நம்மள மாதிரி ஆளுங்க இந்த ஊருக்கு வர முடிஞ்சுது. ஆக, நான் இந்தக் குளத்தோரம் உக்காந்திருக்கறதுக்கு, ஆசிட் ஊத்தின தண்ணில நின்னவங்களுக்கும் ஒரு கடன் இருக்கு.

பொண்ண வீட்டுக் குளத்துல விடறதுக்கு முன்னாடி, நகராட்சிக் குளத்து நீச்சல் கிளாஸ்ல சேர்த்தோம். அங்க எல்லா நெறத்துப் புள்ளைங்களும் ஒரே தண்ணில மூக்கப் புடிச்சுக்கிட்டு முங்கறாங்க. அந்தக் குளத்துக்கு வருஷா வருஷம் பணம் ஒதுக்கறப்ப "எங்க வீட்லயே இருக்கே, இதெதுக்கு"ன்னு நான் சொல்லக் கூடாது. இது எனக்கு நானே எழுதி வச்சுக்கற சீட்டு.

அப்புறம், அடுத்த டிசம்பர்ல ஊருக்குப் போறோம். கிணத்துல இப்ப தண்ணி இருக்கான்னு தெரியல. இருந்தா, சுரைக்குடுக்கைக்கு நான் பொறுப்புன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கேன். "நாப்பத்தஞ்சு வயசுலயாடா?"ன்னு சிரிக்கறான். வர்றேன்னும் சொல்லல, வரமாட்டேன்னும் சொல்லல.